பின்பக்க லேபிளுக்கு நாற்பது சொற்கள்

ஐயா,
பின்பக்க லேபிளுக்கு நாற்பது சொல் கேட்டிருந்தீர்கள்.
கொழும்பிலிருந்து வந்த பிள்ளை
'பாரம்பரியம் மணக்க வேணும்' என்று சொல்லிவிட்டுப் போனாள்.
பத்தொன்பது வருசம் தாங்கி அறையில் நிற்கிறவள் என்பதால்
இந்தக் கடதாசி என் கைக்கு வந்திருக்கிறது.

முதலில் மணம்.
ஏழாம் தாங்கியில் மணப்பது
ஈரச் சாக்கும் கொடித்தோடையும்.
மார்கழியில் கொஞ்சம் இஞ்சி.
ஓக் மர வாசனை என்று எழுத வேண்டாம்.
தாங்கிகள் மூடிப்போன பால் நிலையத்தில்
கிலோக் கணக்கில் வாங்கியவை.

முன்பக்கத்தில் பங்களா நிற்கிறது,
புகைபோக்கி, ரோசாப் பாத்தி, 1893.
அந்த வருசம் பிளங்கெட் துரை
பண்டாரவளைச் சரிவில் முந்திரிகை நட்டது மெய்.
மூன்று மழை கழித்துக்
கொடியில் காய்த்தது பூஞ்சணம்.
தேறிய ஒரே பீப்பாயும் புளித்துக் காடியாக,
அந்தக் காடியை விற்றுத்தான்
முப்பது வருசம் பிழைத்தது கம்பனி.
மற்றத் துரைமார் வெள்ளரிக்காய் ஊறப்போட வாங்கினார்கள்.
இதைப் போட்டால்
நாற்பதில் பாதி இங்கேயே செலவாகிவிடும்.

வைன் வந்தது வெகு பிறகு,
கப்பலில் எதுவும் வராத காலத்தில்.
வெலிமடையில் ஆலங்கட்டி அடித்த பேரிக்காயை
சந்தையில் ஒருவரும் தொடவில்லை.
கணக்கர் ஷோக்மன் லொறியோடு விலை பேசினார்.
ஆறு தாங்கிக்கும் ஆறு பழத்தின் பெயர்.
அடியில் நின்ற கலங்கலைக்
கானில் ஊற்ற மனமில்லாமல்
ஏழாவதில் சேர்த்தவர் தாங்கி கழுவிய மரியசூசை.
பெயர் ஒன்றும் வைக்கவில்லை,
வெண்கட்டியால் 7 என்று போட்டார்.
அதுதான் இன்றைக்கு உங்கள் தங்க எழுத்து.

மற்றதெல்லாம் ஹோட்டலுக்குப் போகும்.
ஏழாம் நம்பர் போவது
சம்பளம் போடும் பத்தாந்தேதிக்கு,
கலியாண வீட்டுப் பின்கட்டுக்கு,
கிறிஸ்மஸ் கேக் ஊறும் சட்டிக்கு.

இனி, அந்தக் கடைசி வரி.
விலைக்கும் அரசாங்க எச்சரிக்கைக்கும் நடுவே,
பொடி எழுத்தில்:
வெற்றுப் போத்தலைத் திருப்பித் தந்தாள் ரூபா 20.
'தந்தால்' என்று வர வேண்டியது.
அச்சகத்தில் தமிழ் தெரிந்த ஆள் அன்று லீவு.

ஆனால் தந்தாள், ஐயா.
வருசம் பிறந்து மூன்றாம் நாள்
மேல்கணக்கு லயத்து யோகேஸ்வரி
இரண்டு உரச்சாக்கோடு வந்தாள்.
கழுவித் துடைத்த போத்தல் அறுபத்து மூன்று.
இரண்டு தரம் எண்ணினேன்.
ஆயிரத்து இருநூற்று அறுபது ரூபா.
காசை நீட்டினால் வாங்கவில்லை.
"நெறைஞ்சது ஒண்ணு தாங்க."
ஆயிரத்து இருநூற்றைம்பது போக
மீதிப் பத்தை முந்தியில் முடிந்துகொண்டாள்.
வீட்டில் யார் குடிக்க என்று
வாசல் காவலர் பியசேன கேட்டார்.
"ஏன், நாந்தான்."

மதிலில் சாய்ந்து மூடியைத் திருகினாள்.
ஒரு வாய்.
முகம் அப்படியே சுருங்கியது.
"இதுக்கா இம்புட்டுப் போத்தலு?"
மிஸ்ட் இறங்கிக்கொண்டிருந்தது,
பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடந்தது.
இன்னொரு வாய் குடித்தாள்.
அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

சொற்களை எண்ணவில்லை ஐயா,
நாற்பது எப்போதோ தாண்டியிருக்கும்.
வெட்டிக்கொள்ளுங்கள்.
புகைபோக்கியை எடுங்கள், ரோசாவை எடுங்கள்,
1893-ஐயும் எடுத்தால் நல்லது.
அந்த 'ள்' மட்டும்
இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
பிலோமினா, தாங்கி அறை.